சும்மா சகோதரியாக இருக்க ஏலாது

பச்சை குத்துற கடையில் வேலை செய்கிறவரிடம் ஊர் கேட்கிற முதற்கேள்வி, "உனக்கு எங்க குத்தியிருக்கு?" என்பதுதான். இறைச்சிக்கடையில் நிற்கிற சைவக்காரி மாதிரி, மூன்று வருசமாய் நான் "இன்னும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

நான் ஊசி பிடிக்கிற ஆள் இல்லை. கோப்பன்ஹேகனில், நோரெப்ரோவில் ஒரு பக்கத் தெருக் கடை. சனிக்கிழமைகளிலும் படிப்பு இல்லாத பின்னேரங்களிலும் அங்கே முன்மேசையில் இருப்பேன். வாறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கவேணும், பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று அட்டையை வாங்கிப் பார்க்கவேணும், முகம் வெளிறினவர்களுக்குச் சீனி கரைத்த தண்ணீர் கொடுக்கவேணும். ஊசி பிடிக்கிறவர் கிம். கடையும் அவருடையதுதான். ஐம்பது வயது கடந்த, கதவளவு மனிதர்.

இந்த வருசக் கோடையில் அந்த முதற்கேள்வி என் பக்கம் திரும்பியது. என்னோடு ஒரே வீட்டில் இருந்து படித்த மெட்டெயும் ஈடாவும் நானும் ஒன்றாய்ப் பச்சை குத்துவதென்று கதை. அவர்கள் இருவரும் ஓம் என்றுவிட்டார்கள். மிச்சம் நான். எனக்குக் கதை சொல்லி வளர்த்தவர்கள் ஒருத்தரும் நேரே விசயத்துக்கு வந்தது கிடையாது. நானும் அந்த வழியில்தான் வரப்போகிறேன். வீட்டில் ஒரு ஆளாயும் வெளியில் இன்னொரு ஆளாயும் இருந்து களைத்த பிள்ளைகளே, உங்களுக்கு இது புதுக்கதையாய் இராது. டேனிஷ்காரர் டேனிஷில் சொன்னதை எங்கட வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். கிம்முக்கு யாழ்ப்பாணத் தமிழ் நல்லாய்ப் பொருந்துகிறது.

துடைத்த புள்ளி

எனக்கு இந்த வேலை கிடைத்ததே ஒரு புள்ளியால்தான். மெட்டெ தன் தோளில் ஒரு குருவி குத்தப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். மேசையில் வேறொருவருக்காகத் தயார் செய்த பிரதித்தாள் கிடந்தது. அந்தத் தாளைத் தோலில் ஒட்டி எடுத்தால் ஊதாக் கோடு பதியும்; அதன் மேல்தான் ஊசி போகும். தாளில் தமிழ் எழுத்து. நோரெப்ரோவில் தமிழைக் கண்ட சந்தோசத்தில் எட்டிப் பார்த்தேன். "அமமா" என்று இருந்தது.

"மன்னிக்கவேணும், அதில ஒரு புள்ளி இல்லை," என்றேன். நான் கதைப்பது பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். கிம்முக்கு ஊசிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மெட்டெ குத்துப்பட்டுக்கொண்டே எனக்காகக் கத்தினாள். கிம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழும்பி வந்து, தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் பேனையால் நடு எழுத்தின் தலையில் ஒரு பொட்டு வைத்துக் காட்டினேன். அந்தப் பொட்டு இல்லாமல் அதைக் குத்துகிற பிள்ளை ஆயுசுக்கும் தாயை அரைகுறையாய்க் கூப்பிட்டுக்கொண்டு திரிந்திருக்கும் என்று விளங்கப்படுத்தினேன். கிம் சொன்னார்: "மை சிந்திப்போச்சு எண்டு நினைச்சு நான்தான் துடைச்சனான். உங்கட பாசையில அழுக்கும் எழுத்தோ?"

சூரியன் என்று சொன்ன வட்டம்

அதோடு முன்மேசை வேலை எனக்கு வந்தது; கடைக்கு வருகிற இந்திய எழுத்தெல்லாம் என் மேசைக்கு வந்தது. எனக்குத் தெரிந்தது தமிழ் மட்டும்தான் என்று கிம்மிடம் சொல்லியும் பயனில்லை. ஒருநாள் யோகா படிப்பிக்கிற ஒரு பெண் வந்தா. ஏதோ ஒரு நாட்டுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் முதுகில் குத்தியதாம். இப்போது அதைச் சுற்றிப் பூ வேண்டும். சட்டையை உயர்த்தினா.

"யோகா" என்று எழுதத்தான் நினைத்திருக்கிறார்கள். எந்தக் கணினியில் அடித்தார்களோ, அதற்குத் தமிழ் தெரியவில்லை. யகரம் ஒரு பக்கம் தனியே நிற்க, கொம்பு அதற்குப் பின்னால் போய் விழுந்துகிடந்தது. எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் கணினி போடுகிற புள்ளிப்புள்ளியான வெற்று வட்டம் இருக்கே, அதையும் விடாமல் அப்படியே குத்தியிருந்தார்கள். அது சூரியன் என்று அந்தப் பெண் எத்தனையோ பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறா. "என்ன எழுதியிருக்கு, வாசியுங்கோ," என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒன்றும் எழுதியில்லை என்று மெதுவாய்ச் சொன்னேன். அவ கண்ணாடியில் தன் முதுகைத் திரும்பிப் பார்த்தா. "அப்ப சரியாத்தான் குத்தியிருக்கிறாங்கள். இவ்வளவு காலமாய் நான் படிப்பிக்கிறதும் அதைத்தானே."

விபோர்க்கில் இருந்து ஒருவர்

எங்கட ஆட்கள் பச்சை குத்துவதென்றால் இருக்கிற ஊரில் குத்தமாட்டார்கள். விபோர்க் பொடியன் ஒருத்தன் அவ்வளவு தூரம் ரயிலேறிக் கோப்பன்ஹேகனுக்கு வந்ததன் காரணமே ஒரு தமிழ் முகமும் கண்ணில் படக்கூடாது என்பதுதான். கதவைத் திறந்தவன் என்னைக் கண்டு அப்படியே நின்றான். பிறகு டேனிஷில், தான் மொறீசியஸ் நாட்டுக்காரன் என்று, நான் கேளாமலே சொன்னான். நானும் நல்லது என்று அட்டையை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் இருந்த தமிழ்ப் பெயர் கோயில் தேர்வடம் அளவு நீளம்.

கழுத்தில் வேல் வேணுமாம். டென்மார்க்கில் தலை, கழுத்து, கை விரல்களில் குத்தச் சட்டம் விடாது என்று கிம் சொன்னார். தோள் என்று இறங்கி வந்தான். பிரதித்தாள் ஒட்டுகிற நேரம் பார்த்து அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. மொறீசியஸ்காரர் எடுத்து, "ஓம் அம்மா… இல்லையம்மா, லைப்ரரியில நிக்கிறன்… ஓம் ஓம், சாப்பிட்டிட்டன்," என்றார். வைத்த பிறகு என்னைப் பார்த்தான். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து போகும்போது மேசைக்குக் கிட்ட வந்து, தலையைக் குனிந்து தமிழில் சொன்னான்: "அக்கா, நீங்கள் என்னைக் காணேல்லை. நானும் உங்களைக் காணேல்லை. சரியோ?"

எங்கள் குசினி

நாங்கள் மூவரும் இருந்தது, பெண்கள் மட்டும் தங்கிப் படிக்கிற ஒரு பழைய கொலேகியத்தில். மூன்று அறைக்குச் சமைக்க ஒரு குசினி. ஒரு குசினிக்காரிகள் ஒருத்தரை ஒருத்தர் "சோஸ்டர்" என்பார்கள், டேனிஷில் சகோதரி. ஒரு குசினி கலைந்து ஆட்கள் போகும் முன்னம், அந்தக் குசினிக்காரிகள் எல்லாரும் ஒரே அடையாளம் குத்திக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். மேல்மாடிக் குசினிக்கு ஒரு கேத்தில். கீழ்க் குசினிக்கு ஒரு துண்டுப் பாண், கருகினது. அவர்கள் பாண் கருக்கி நெருப்பு மணி அடித்து, தெருவில் இரவுச் சட்டையோடு எல்லாரும் நின்ற கதை அது.

இந்த வருசம் எங்கள் முறை. மெட்டெ பிள்ளைப்பேறு பார்க்கிற படிப்பை முடித்துக் கிறீன்லாந்துக்கு வேலைக்குப் போகிறாள். எனக்கு ஓடென்ஸவில் ஒரு மருந்துக்கடையில் வேலை சரிவந்திருந்தது. ஈடா மிருகவைத்தியம், இன்னும் படிப்பு மிச்சம். அடையாளமாய் என்ன போடுவது என்ற கதை வந்தபோது மெட்டெ, "சகோதரி எண்டு தமிழில போடுவம். டேனிஷில போட்டால் கீழ்க் குசினிக்காரர் பார்த்து எழுதிப்போடுவினம்," என்றாள். தொலைபேசியில் தட்டிப் பார்த்து "சகோதரி" என்ற எழுத்தையும் எடுத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவும் அப்பாவும் இருக்கிற ஹேர்னிங்கில் எங்கள் தெருவில் ரூபி அன்ரி என்று ஒருவர் இருக்கிறா. பெந்தகோஸ்தே சபைக்குப் போகிறவ. அங்கே எல்லாரும் எல்லாருக்கும் சகோதரி. கையில் அப்படி எழுதிக்கொண்டு ஊருக்குப் போனால், சைவக்காரி வீட்டுப் பிள்ளை சபையில் சேர்ந்துவிட்டது என்று அன்ரி கேக் அடித்துக்கொண்டு வந்துவிடுவா என்றேன். மெட்டெ கொஞ்சமும் அசையவில்லை: "மூண்டு பேரும் ஒரே நாளில சேர்ந்தால் அந்த மனுசிக்கு எவ்வளவு சந்தோசம்."

ஆர் மூப்பு?

வீட்டில் புழங்குகிற சொல் என்ன என்று ஈடா கேட்டாள். மூத்தவள் என்றால் அக்கா, இளையவள் என்றால் தங்கச்சி என்றேன். இரண்டுக்கும் பொதுவாய் என்ன என்றாள். கூப்பிடுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்றேன். அவர்களுக்கு அது பிடிபடவில்லை. ஆர் எப்போது பிறந்தது என்று பார்க்க வேண்டும் என்றதும் இன்னும் குழம்பினார்கள். டென்மார்க்கில் ஆசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவர்கள். பிறந்த திகதியைப் பார்த்தோம். மெட்டெ மூத்தவள், நான் நடு, ஈடா கடைசி. மெட்டெ உடனே அக்கா ஆகிவிட்டாள். "தங்கச்சி, அந்தச் சட்டியைக் கழுவு," என்றாள். ஈடா கழுவவில்லை.

எனக்குத்தான் சிக்கல். மெட்டெக்கு நான் தங்கச்சி, ஈடாவுக்கு அக்கா. எந்தச் சொல் என்னுடையது? இதில் வேறொன்றும் இருந்தது. எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. அக்கா என்று கூப்பிடவும் ஆளில்லை, தங்கச்சி என்று அதட்டவும் ஆளில்லை. கொமூன் என்கிற நகரசபையில் இருந்து வந்த கடிதங்களை வாசித்துச் சொன்னது, அப்பாவோடு வைத்தியரிடம் போய் மொழிபெயர்த்தது, அக்காமார் பார்க்கிற வேலையெல்லாம் பார்த்தேன். பெயர் மட்டும் கிடைக்கவில்லை. குசினியில் இருந்த இந்த இரண்டு பேர்தான் சகோதரம் என்ற பக்கத்தில் எனக்கு இருக்கிறவர்கள். அவர்களையும் விட்டுப் பிரியப் போகிறேன். ஆகவே சொல் பிழையாய்ப் போனால் எனக்கு எல்லாமே பிழையாய்ப் போன மாதிரி. இதை நான் விளக்கவில்லை. இரண்டும் போடலாமா, ஒன்றும் போடாமல் விடலாமா என்று மட்டும் மெல்லக் கேட்டேன். ஈடா மேசையில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்கட பாசையில ஒரு ஆள் சும்மா சகோதரியாய் இருக்க ஏலாதோ?"

அம்மா கழுவுகிற கைகள்

அந்த வாரம் ஹேர்னிங்குக்குப் போனேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் வயது போனவர்களை எழுப்பிக் கழுவி உடுப்பு மாற்றி இருத்துவா. பச்சை குத்துகிறதைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது தோலில் ஏறுகிற நாள் மட்டும். அம்மாவுக்குத் தெரிந்தது அதற்கு அறுபது வருசத்துக்குப் பிறகு. அதை நான் யோசிக்கவில்லை. வழக்கம்போல டேனிஷில் தொடங்கினேன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நின்றது.

"மற்றதுகள் குத்தட்டும். நீ ஏன்? உனக்குச் சகோதரம் இல்லையெண்டு உடம்பில எழுதி ஒட்டப் போறியோ?" என்றா. சொன்ன பிறகு அவவுக்கே அது கூடிப்போனது விளங்கியிருக்க வேண்டும். திரும்பவும் லீக்ஸை எடுத்தா. கொஞ்சத்தால் அவவே தன் வேலைக்கதைக்கு வந்தா. இல்லத்தில் கப்பலோடிய ஒரு ஐயா இருக்கிறாராம். ஒரு கை முழுக்க நங்கூரமும் பொம்பிளைகளின் பெயரும். எழுத்தெல்லாம் வீங்கிப்போய்த் தடிச்ச மயிர்க்கொட்டிப் புழு மாதிரிக் கிடக்குதாம். ஆனாலும் வாசிக்கலாமாம். அதில் ஒன்றாவது அவருடைய மனுசியின் பெயராய் இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "இல்லை. மனுசி ஞாயிற்றுக்கிழமையில வாறவ. அண்டைக்கு நான் அவருக்கு நீளக்கைச் சேட்டுத்தான் போட்டுவிடுறனான்."

நாலு வாத்து

கோப்பன்ஹேகனுக்குத் திரும்பி வந்தபோது கிம் எங்கள் மூவருக்குமாய் ஒரு நாளை ஒதுக்கியிருந்தார். இரண்டு பேருக்கா மூன்று பேருக்கா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இந்த மேசையில இருந்துகொண்டு எல்லாருக்கும் நீ சொல்லுற புத்தி என்ன?" என்று கேட்டார். யோசிக்கவேணும் என்றால் இன்றைக்கு வேண்டாம், போய்விட்டு வாருங்கோ என்பதுதான் நான் சொல்லுகிற புத்தி.

அன்று பார்த்து ஒரு பெண் காலில் இருந்ததை மறைக்க வந்தா. பழைய குத்தை இன்னொரு படத்தால் மூடுவதற்கு வருவார்கள். கடையில் பாதி வேலை அதுதான். கணுக்காலுக்கு மேல் வரிசையாய் நாலு வாத்துகள் நீந்தின. ஒன்றாய் உடற்பயிற்சிக் குழுவில் இருந்த நாலு சிநேகிதிகளாம். நாலு பேர் காலிலும் அதே நாலு வாத்து. தன் வாத்தை மட்டும் அவரவர் கறுப்பாய் நிரப்பியிருக்கிறார்கள். பிறகு பெரிய சண்டை. யார் யாரோடு என்று நான் கேட்கவில்லை. அவ சொன்ன அளவில் ஒரு கலியாணமும் ஒரு கடனும் ஒரு நாயும் அதில் இருந்தன. மெட்டெயோடு எனக்கு என்ன சண்டை வரக்கூடும் என்று மனம் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தது. கிம் ஒரு பெரிய பன்னத்தின் இலையை வரைந்து, நாலையும் ஒன்றாய் மூடிக் காட்டினார். வடிவாய்த்தான் இருந்தது. அந்தப் பெண் கன நேரம் பார்த்தா. கிம்மின் கையைப் பிடித்து இலையைக் கொஞ்சம் தள்ளினா. "மற்ற மூண்டையும் மூடுங்கோ. என்ர வாத்து இருக்கட்டும். அது ஒரு பிழையும் செய்யேல்லை."

லண்டன் பெரியம்மாவின் பெயர்

அந்த வாத்து எனக்கு வழி விட்டது. மற்றவர்கள் எங்கே போனாலும், என்ன நடந்தாலும், என் தோலில் இருப்பது எனக்குரிய சொல்லாய் இருந்தால் நான் அதை மூட வரமாட்டேன். குத்துவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். சொல்தான் வேணும். தமிழில் எனக்குத் தெரிந்த ஒரே அகராதி ஹேர்னிங்கில் கோவத்தோடு இருந்தது. தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, நான் குத்தத்தான் போறன்," என்றேன். தமிழில் சொன்னேன். அம்மாவோடு நான் டேனிஷில் மறுமொழி சொல்லித்தான் பழக்கம். அதனாலோ என்னவோ அம்மா இடையில் வெட்டாமல் கேட்டா. மெட்டெ அக்கா, ஈடா தங்கச்சி, நடுவில் நிற்கிற எனக்கு அக்காவும் சரியில்லை தங்கச்சியும் சரியில்லை, இரண்டையும் எழுதினால் ஆள் குழம்பி நிற்கிற மாதிரி இருக்கு, நடுவில் உள்ளவளுக்கு ஒரு சொல்லும் இல்லையோ என்று கேட்டேன். மறுபக்கத்தில் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம். "உன்ர லண்டன் பெரியம்மாவை நான் என்னெண்டு கூப்பிடுறனான்?" என்று கேட்டா.

"சின்னக்கா."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அம்மா வீட்டில் மூன்று பெண்கள். கனடாவில் பெரியக்கா, லண்டனில் சின்னக்கா, கடைசி அம்மா. பிறந்த நாள் முதல் தொலைபேசியில் கேட்ட சொல். சின்னப்பிள்ளையில் அது அவவின் பெயர் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் கீறச் சொன்னபோது லண்டன் பெரியம்மாவுக்குக் கீழே அப்படித்தான் எழுதினேன். அது ஒரு இடத்தின் பெயர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. "பிறகென்ன?" என்று அம்மா பொரிந்தா. "மூத்தவளுக்கு அவள் சின்னவள், இளையவளுக்கு அவள் அக்கா. இதுக்குப்போய் ஒரு மாதமாய் மூண்டு படிச்ச பொம்பிளையள் தலையை உடைச்சுக்கொண்டு இருந்தனீங்களோ?" நான் சிரித்துவிட்டேன். சிரிப்பைக் கேட்டதும் அம்மாவுக்குத் தான் என்ன செய்துவிட்டா என்பது விளங்கியது. குரல் மாறியது. "இஞ்ச பார், நான் ஓம் எண்டு சொல்லேல்லை. தமிழ் பிழையாய்ப் போகக்கூடாது எண்டுதான் சொன்னனான்."

குத்துகிற நாள்

மெட்டெ முதல். "அக்கா" சின்னச் சொல். கிம் விசில் அடித்துக்கொண்டு முடித்துவிட்டார். ஈடாவுக்குத் "தங்கச்சி." பிரதித்தாளைக் கண்டதும் தகராறு. கடைசிப்பிள்ளைக்கு ஏன் இவ்வளவு நீளமான சொல், வலியில் ஒரு நீதி வேண்டாமா என்று கேட்டாள். மூத்தவள் என்ற முறையில் மெட்டெ அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதையும் ஈடா பிடிக்கச் சொல்லவில்லை.

பிறகு நான். மூன்று வருசமாய் அந்தக் கதிரையைத் துடைத்திருக்கிறேன். அதில் இருந்தால் கூரை எப்படித் தெரியும் என்று தெரியாது. கிம் எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளை என்னிடமும் ஒழுங்காய்க் கேட்டார். இது அழியாது என்று விளங்குதோ? ஓம். குடித்திருக்கிறாயோ? இல்லை. ஆரும் வற்புறுத்தினவையோ? மெட்டெ கூரையைப் பார்த்தாள். இல்லை, நான்தான் வேணும் என்கிறேன் என்று சொன்னேன். அது கடை முழுக்கக் கேட்டது. வாசலில் காத்திருந்தவர் கூடத் திரும்பிப் பார்த்தார். கிம் பிரதித்தாளை என் முழங்கைக்கு உள்பக்கம் வைத்தார். வலி, சொன்ன மாதிரித்தான். வலிக்காது என்று நான் ஒருத்தருக்கும் பொய் சொல்லியிருக்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

முடிந்ததும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா பார்த்தா, பதில் எழுதவில்லை. கோவம் ஆற நாளாகும். ஆறாமலும் விடலாம். எது நடந்தாலும் அந்தச் சொல் அம்மாவின் வாயில் இருந்துதான் வந்தது. அதை இனி அவவும் அழிக்க ஏலாது. மூன்று பேரும் மூன்று கையையும் மேசையில் வரிசையாய் நீட்டி வைத்துப் பார்த்தோம். நான் வாசித்துக் காட்டினேன். மெட்டெயின் பெட்டிகள் கட்டியாகிவிட்டன, மூன்று நாளில் விமானம். ஈடா என் கையைக் கிட்ட இழுத்து எழுத்துக் கூட்டினாள். டேனிஷ் நாக்கில் அது "ஷின்னகா" என்று வந்தது. இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, சாப்பாட்டுக்கு இன்னும் ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்: "ஷின்னகா, மெட்டெ போனால் இனி நீதானே எனக்கு மூப்பு. எனக்குப் பசிக்குது."

ஊசி வலி பின்னேரத்துக்குள் போய்விடும், முறைச்சொல்லைக் கையில் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் சோறு போடவேணும் என்பதை எங்கள் கடை வாசலில் ஒரு பலகையில் எழுதித் தூக்கினால் கிம்முக்கு வியாபாரம் பாதியாகிவிடும்.